பள்ளி நர்ஸின் செலவை யார் தருவது? - அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக் கணக்கு

முன்னுரை

அமெரிக்காவில் ஒரு பள்ளி. இரண்டு சிறுவர்கள் மூச்சுத்திணறலோடு நர்ஸின் அறைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஆஸ்துமா. இருவரும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். இருவருக்குமே மெடிக்கெய்ட் என்னும் அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. நர்ஸ் இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கிறார், ஒரே நேரம் செலவிடுகிறார். ஆனால் முதல் சிறுவனுக்குச் செய்த சேவைக்கு அரசிடமிருந்து பள்ளிக்குப் பணம் திரும்பி வரும். இரண்டாவது சிறுவனுக்குச் செய்ததற்கு ஒரு காசும் வராது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் 2014-ஆம் ஆண்டு டிசம்பர் வரை அமெரிக்காவில் இதுதான் விதியாக இருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் இடையில் இருந்த ஒரே வேறுபாடு ஒரு காகிதம். அந்தக் காகிதம் எப்படி வந்தது, பள்ளி நர்ஸின் வேலைக்கு யார் பணம் தர வேண்டும் என்ற கேள்வி எப்படித் தொடங்கி எங்கே வந்து நிற்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் குடியேறிகளின் கூட்டம் நிரம்பி வழிந்தது. நெருக்கடியான குடியிருப்புகளில் தொற்றுநோய்கள் எளிதில் பரவின. எனவே பாஸ்டன் நகரம் 1894-இலும் நியூயார்க் நகரம் 1897-இலும் பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்க மருத்துவர்களை நியமித்தன. மருத்துவரின் வேலை மிகவும் எளிமையானது. கண் நோய், படர்தாமரை, சொறி, பேன் என்று எது இருந்தாலும் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். வீட்டுக்குப் போன குழந்தைக்கு யார் மருந்து போடுவது என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அந்தக் குழந்தை மாலையில் அதே தெருவில் அதே வகுப்புத் தோழர்களோடு விளையாடிக்கொண்டிருந்தது!

இந்த அபத்தத்தைக் கண்டவர் லில்லியன் வால்ட். நியூயார்க்கின் கீழைப் பகுதியில் ஹென்றி தெருவில் ஏழைகளுக்காக ஒரு சேவை இல்லத்தை நடத்தி வந்த நர்ஸ் இவர். ஒருமுறை இவர் 12 வயதுச் சிறுவன் ஒருவனைச் சந்தித்தார். அவன் அதுவரை பள்ளியில் படித்ததே இல்லை. தலையில் கரப்பான் புண். போகும்போதெல்லாம் ஆசிரியை திருப்பி அனுப்பிவிடுவார். இலவச மருந்தகத்தில் அவனுக்குக் களிம்பு கொடுத்திருந்தார்கள். அதை முறையாகப் போட்டுவிட ஆள் இல்லாததுதான் குறை. வால்ட் அதைச் சரிவரப் போட்டு வர, புண் ஆறியது. அந்த செப்டம்பரில் அவன் வாழ்க்கையிலேயே முதல் முறையாகப் பள்ளியில் சேர்ந்தான்.

1902-இல் வால்ட் நகர அதிகாரிகளிடம் ஒரு யோசனையை முன்வைத்தார். தமது இல்லத்து நர்ஸ் ஒருவரை ஒரு மாதத்துக்குப் பள்ளிகளுக்கு இரவலாகத் தருவதாகச் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனையும் போட்டார். சோதனை வெற்றி பெற்றால், மருத்துவருக்குத் தருவதைப் போலவே நர்ஸுக்கும் பொதுப்பணத்திலிருந்து சம்பளம் தர அதிகாரிகள் முயற்சி செய்ய வேண்டும் என்பதே அது. பள்ளி நர்ஸ் என்ற வேலை பிறந்த நாளிலேயே "பணம் யார் தருவது?" என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

அப்படி அனுப்பப்பட்டவர் லினா ரோஜர்ஸ். கனடாவில் பிறந்தவர். அதிகமான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நான்கு பள்ளிகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்து போட்டார். மாலையில் வீடு தேடிச் சென்று தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பலன் உடனே தெரிந்தது. 1902 செப்டம்பரில் நியூயார்க் பள்ளிகளில் நோய் காரணமாக வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். 1903 செப்டம்பரில் அந்த எண்ணிக்கை 1,101 ஆகக் குறைந்தது. நகர நிர்வாகமும் மனமிரங்கியது. பள்ளி நர்ஸ்களுக்காக 30,000 டாலர் ஒதுக்கப்பட்டது.

உள்ளூர்ப் பணமும் அதன் எல்லையும்

நியூயார்க்கைப் பார்த்து மற்ற நகரங்களும் பள்ளி நர்ஸ்களை நியமித்தன. ஆனால் அமெரிக்காவில் பள்ளிக் கல்வி என்பது உள்ளூர் விவகாரம். பள்ளி மாவட்டம் என்று அழைக்கப்படும் சிறு சிறு நிர்வாகங்கள் அந்தந்த ஊரின் சொத்து வரியை நம்பியே பெரும்பாலும் பள்ளிகளை நடத்தின. பணக்கார ஊரில் நர்ஸ் இருப்பார். ஏழை ஊரில் ஒருவரே பல பள்ளிகளுக்கு ஓடுவார், அல்லது இருக்கவே மாட்டார். யாருக்கு நர்ஸ் அதிகம் தேவையோ அவர்களுக்கே நர்ஸ் கிடைக்காத நிலை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பள்ளியில் சிகிச்சை நடப்பதைத் தனியார் மருத்துவர்கள் பலர் விரும்பவில்லை. சோதனை செய்யலாம், முதலுதவி செய்யலாம், சிகிச்சை எங்களிடம் வரட்டும் என்பது அவர்கள் வாதம். இதனால் லினா ரோஜர்ஸ் செய்து காட்டிய வேலையில் பாதி காலப்போக்கில் சுருங்கிப்போனது. பள்ளி என்பது கல்விக்கு, மருத்துவமனை என்பது நோய்க்கு, இரண்டுக்கும் கஜானா வேறு வேறு என்ற எண்ணம் வேரூன்றியது. பின்னாளில் வந்த குழப்பங்களுக்கெல்லாம் அடிப்படை இந்தப் பிரிவினைதான் எனலாம்.

மெடிக்கெய்டின் வருகை

1965 ஜூலை 30 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் மெடிகேர், மெடிக்கெய்ட் என்ற இரு திட்டங்கள் பிறந்தன. மெடிகேர் முதியோருக்கு. மெடிக்கெய்ட் ஏழைகளுக்கு. மெடிக்கெய்டை மாநில அரசுகள் நடத்தும். செலவில் ஒரு பங்கை மத்திய அரசு தரும். அந்தப் பங்கு 50 சதவீதத்துக்குக் குறையாது, சட்டப்படி 83 சதவீதம் வரை போகலாம். ஏழை மாநிலம் என்றால் மத்தியப் பங்கு அதிகம்.

1967-இல் இதில் குழந்தைகளுக்கென்று ஒரு முக்கியப் பிரிவு சேர்ந்தது. குழந்தைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை தர வேண்டும் என்பது அதன் நோக்கம். இதற்கு ஒரு பின்னணி உண்டு. இராணுவத்துக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களில் மூன்றில் ஒருவர் தகுதியற்றவர் என்று 1964-இல் வெளியான அரசு அறிக்கை நாட்டை அதிர வைத்திருந்தது. சிறு வயதில் கவனித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய குறைகள் அவற்றுள் பல. குழந்தைகள் தினமும் கூடுகிற இடம் பள்ளி. ஆனாலும் பள்ளி நர்ஸின் வேலைக்கு இந்தப் பணம் எளிதில் வந்து சேரவில்லை.

சட்டம் வந்தது, பணம் வரவில்லை

1975 நவம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட இன்னொரு சட்டம் பள்ளிகளின் முகத்தையே மாற்றியது. உடல், மனக் குறைபாடு உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசமாக, பொருத்தமான கல்வி தர வேண்டும் என்றது அது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுத வேண்டும். படிப்புக்குத் துணையாக என்னென்ன சேவைகள் தேவையோ அவையும் அதில் இடம்பெற வேண்டும். நாம் முதலில் சொன்ன காகிதம் இதுதான்.

இச்சட்டத்துக்கான கூடுதல் செலவுக்கு, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக மத்திய அரசு இலக்கு வைத்தது. அந்த இலக்கு இன்றுவரை எட்டப்படவில்லை. எனவே சுமை பள்ளி மாவட்டங்களின் தலையில் விழுந்தது. பள்ளிகள் தப்பிக்க வழி தேடின. சண்டை நீதிமன்றத்துக்குப் போனது.

டெக்சாஸ் மாநிலத்தின் இர்விங் பள்ளி மாவட்டத்தில் முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த ஒரு சிறுமி இருந்தாள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். சில நிமிட வேலை, பயிற்சி பெற்ற எவரும் செய்யலாம். இது மருத்துவச் சேவை, எங்கள் பொறுப்பல்ல என்றது பள்ளி. 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மருத்துவர்தான் செய்ய வேண்டிய வேலை என்றால் பள்ளி மறுக்கலாம். நர்ஸ் செய்யக்கூடியது என்றால் பள்ளியே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குழந்தை வகுப்பில் இருக்கவே முடியாது என்று தீர்ப்பளித்தது. 1999-இல் அயோவா மாநிலத்தின் செடார் ராபிட்ஸ் வழக்கில் இதே கொள்கை மேலும் விரிந்தது. கழுத்துக்குக் கீழே செயலிழந்து, செயற்கைச் சுவாசக் கருவியோடு வாழ்ந்த மாணவனுக்குப் பள்ளி நேரம் முழுவதும் அருகிலேயே ஆள் வைத்துக் கவனிக்க வேண்டியதும் பள்ளியின் கடமையே என்று 7-க்கு 2 என்ற கணக்கில் நீதிபதிகள் முடிவு செய்தனர். செலவு அதிகம் என்ற வாதம் எடுபடவில்லை.

கடமை யாருடையது என்பது தீர்ந்தது. பணம் யாருடையது?

1988 - கதவு திறந்தது

மெடிக்கெய்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வேறு யாராவது பணம் தரப் பொறுப்பானவர்கள் என்றால் அவர்களே முதலில் தர வேண்டும், மெடிக்கெய்ட் கடைசியில்தான் வரும். இதைக் காட்டி, கல்விச் சட்டப்படி பள்ளிதானே பொறுப்பு என்று மெடிக்கெய்ட் அதிகாரிகள் கையை விரித்தனர். 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கு முடிவு கட்டியது. தனிக் கல்வித் திட்டத்தில் எழுதப்பட்ட சேவை என்பதற்காகவே மெடிக்கெய்ட் பணம் தர மறுக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதியோரின் பெருநோய்ச் செலவுகளுக்காக இயற்றப்பட்ட பெரிய சட்டம் ஒன்றின் மூலையில் இந்த வரிகள் ஒளிந்திருந்தன. அந்தப் பெரிய சட்டத்தின் பெரும்பகுதி அடுத்த ஆண்டே ரத்து செய்யப்பட்டது. மூலையில் இருந்த இந்த வரிகள் மட்டும் பிழைத்துக்கொண்டன!

பணம் எப்படித் திரும்புகிறது?

இந்தப் பணம் நர்ஸின் கைக்கு வருவதில்லை. பள்ளி மாவட்டம் முதலில் செலவு செய்ய வேண்டும். பிறகு கணக்குக் காட்டி ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். அதற்குப் பொதுவாகத் தேவைப்படுபவை இவை:

1. குழந்தை மெடிக்கெய்டில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.
2. அந்தச் சேவை மாநிலத்தின் மெடிக்கெய்ட் திட்டத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும்.
3. சேவை செய்பவர் மாநில விதிப்படி தகுதியும் உரிமமும் பெற்றவராக இருக்க வேண்டும்.
4. பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளுக்கு முன்பு திரும்பத் திரும்பச் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. 2013 முதல் ஒருமுறை பெற்றால் போதும்.
5. என்ன சேவை, எந்த நாள், எவ்வளவு நேரம், யார் செய்தது என்று ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும்.

ஐந்தாவதில்தான் நர்ஸின் கை இருக்கிறது. எழுதாத சேவை கணக்கில் செய்யாத சேவையே. பல மாநிலங்களில் நேர ஆய்வு என்ற முறையும் உண்டு. ஆண்டின் பல்வேறு கணங்களில், எந்த முன்னறிவும் இன்றித் தேர்ந்தெடுத்து, "இந்த நிமிடம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று ஊழியர்களைக் கேட்பார்கள். அந்தப் பதில்களிலிருந்து மருத்துவப் பணிக்குப் போன நேரத்தைச் சதவீதமாகக் கணக்கிடுவார்கள்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு நர்ஸுக்காக மாவட்டம் ஆண்டுக்கு 60,000 டாலர் செலவிடுகிறது என்று கொள்வோம். நேர ஆய்வில் 40 சதவீதம் மருத்துவப் பணி என்று வந்தால் 24,000 டாலர். மாணவர்களில் பாதிப் பேருக்கு மெடிக்கெய்ட் என்றால் 12,000. மத்திய அரசின் பங்கு பாதி என்றால் 6,000. ஆக 60,000 செலவுக்குத் திரும்புவது 6,000 டாலர்! அதிலும் மாநில அரசு ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் மீதிதான் பள்ளிக்கு. இதற்காக ஆண்டு முழுவதும் எழுதும் வேலை வேறு.

இலவசம் என்றால் காசு இல்லை

1997-இல் மத்திய அரசு பள்ளிகளுக்காக ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. அதில் 'இலவசச் சேவை' விதி விளக்கமாக இடம்பெற்றது. எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சேவைக்கு மெடிக்கெய்ட் பணம் தராது என்பதே அதன் சாரம். பள்ளி நர்ஸ் எந்தப் பிள்ளையிடமும் காசு வாங்குவதில்லை. எனவே அவர் செய்யும் பெரும்பாலான வேலை இந்த விதிக்குள் அகப்பட்டது. தனிக் கல்வித் திட்டத்தில் எழுதப்பட்ட சேவைகளுக்குத்தான் முக்கியமான விலக்கு கிடைத்தது.

நம் இரண்டு சிறுவர்களின் கதை இப்போது புரிகிறது. முதல் சிறுவனுக்கு அந்தக் காகிதம் இருக்கிறது. இரண்டாமவனுக்கு இல்லை. அவனைப் போல ஆஸ்துமா, சர்க்கரை நோய், வலிப்பு உள்ள எத்தனையோ பிள்ளைகள் சாதாரண வகுப்பில் படிக்கிறார்கள். அவர்களுக்கு இன்சுலின் போடுவதும் சுவாச மருந்து கொடுப்பதும் உயிர் காக்கும் வேலை. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அதற்கு மதிப்பு இல்லை. நர்ஸ் பதவியைக் குறைக்கலாமா என்று நிர்வாகம் யோசிக்கும்போது இந்தக் கணக்குப் புத்தகம்தான் மேசைக்கு வரும்.

சந்தேகத்தின் ஆண்டுகள்

பணம் வரத் தொடங்கியதும் இடைத்தரகர்களும் வந்தார்கள். கிடைக்கும் தொகையில் சதவீதம் பேசிக்கொண்டு பள்ளிகளுக்குக் கணக்கெழுதித் தரும் நிறுவனங்கள் முளைத்தன. 1999, 2000 ஆண்டுகளில் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இதை ஆராய்ந்து கடுமையான அறிக்கைகளை வெளியிட்டது. தவறான கணக்குகள் ஒரு பக்கம். சில மாநில அரசுகள் பள்ளிகளுக்கு வந்த பணத்தில் பாதிக்கும் மேல் தாங்களே வைத்துக்கொண்டது இன்னொரு பக்கம். எல்லாப் பிடித்தமும் போக, 100 டாலர் செலவிட்ட பள்ளிக்கு 7.50 டாலர் மட்டுமே கிடைக்கும் நிலையும் இருந்தது தெரியவந்தது.

தவறு செய்தவர்கள் சிலர். சந்தேகம் எல்லோர் மீதும் விழுந்தது. 2007 டிசம்பரில் புஷ் அரசு ஒரு விதியை வெளியிட்டது. பள்ளிகளின் நிர்வாகப் பணிக்கும், பிள்ளைகளை வீட்டிலிருந்து பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் செலவுக்கும் இனி மெடிக்கெய்ட் பணம் கிடையாது என்றது அது. ஐந்து ஆண்டுகளில் 360 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்கிட்டார்கள். பள்ளிகள் கொதித்தன. நாடாளுமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2009-இல் ஒபாமா அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது.

இதற்கிடையே ஓக்லஹோமா மாநிலம் இலவசச் சேவை விதியை எதிர்த்து முறையிட்டது. 2004-இல் மத்திய சுகாதாரத் துறையின் மேல்முறையீட்டுக் குழு, இந்த விதிக்குச் சட்டத்தில் போதிய ஆதாரம் இல்லை என்று ஓக்லஹோமாவுக்குச் சாதகமாகத் தீர்த்தது. ஆனாலும் மற்ற மாநிலங்களுக்கு விதி மாறவில்லை. மேலும் பத்து ஆண்டுகள் ஓடின.

ஒரு கடிதம்

2014 டிசம்பர் 15 அன்று மத்திய மெடிக்கெய்ட் நிர்வாகம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மெடிக்கெய்ட் பெறும் எந்தப் பிள்ளைக்கும், தகுதியுள்ள ஒருவர், திட்டத்தில் உள்ள சேவையைச் செய்தால், அது மற்றவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தாலும் பணம் பெறலாம் என்றது அக்கடிதம். தனிக் கல்வித் திட்டம் என்ற காகிதம் இனிக் கட்டாயமில்லை.

ஆனால் கதவைத் திறந்தது மத்திய அரசு, உள்ளே நுழைய வேண்டியது மாநிலங்கள். பல மாநிலங்களின் சொந்தத் திட்டங்களிலேயே பழைய விதி எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்தி ஒப்புதல் பெற வேண்டும். லூசியானா, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் முன்னதாகவே அதைச் செய்தன. வேறு பல மாநிலங்கள் தயங்கின.

2022 மே மாதம் டெக்சாஸின் உவால்டே நகரப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். அதையடுத்து ஜூன் 25 அன்று சட்டமான பாதுகாப்புச் சட்டத்தில் பள்ளி மருத்துவத்துக்கும் மனநலத்துக்கும் இடம் கிடைத்தது. பழைய வழிகாட்டிகளைப் புதுப்பிக்க அச்சட்டம் ஆணையிட்டது. மாநிலங்களுக்கு உதவ 5 கோடி டாலரும் ஒதுக்கியது. அதன்படி 2023 மே மாதத்தில் புதிய வழிகாட்டி வெளிவந்தது. சிறு ஊர்ப் பள்ளிகள் எழுத்து வேலையில் மூழ்கிவிடாதபடி சில சலுகைகள் அதில் உள்ளன. எனினும் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரும் வரவு செலவுச் சட்டம் மெடிக்கெய்டுக்கான மத்தியச் செலவை வரும் ஆண்டுகளில் கணிசமாகக் குறைக்க வழி செய்துள்ளது. மெடிக்கெய்டில் பள்ளிகளின் பங்கு நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. சுருங்கும் கஜானாவில் சிறிய பங்குக்காரரின் குரல் எவ்வளவு கேட்கும் என்பது இனிமேல்தான் தெரியும்.

முடிவுரை

1902-இல் நியூயார்க் நகரம் பள்ளி நர்ஸின் மதிப்பை அளந்த முறை எளிமையானது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் குறைந்தார்கள் என்று எண்ணினார்கள். 10,567 என்பது 1,101 ஆனது. பணம் ஒதுக்கினார்கள். இன்று அந்த மதிப்பு நிமிடங்களிலும் சம்மதப் படிவங்களிலும் சதவீதங்களிலும் அளக்கப்படுகிறது. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதில் மறுப்பில்லை. இரண்டாயிரமாம் ஆண்டின் தணிக்கை அறிக்கைகள் அதன் தேவையைக் காட்டிவிட்டன. ஆனால் கணக்கு எதை எண்ணுகிறதோ அதற்கே பணம் போகும். இலவசச் சேவை விதி இருந்த காலமெல்லாம் அந்தக் கணக்கு இரண்டாவது சிறுவனை எண்ணவே இல்லை.

அவனுக்கும் அதே மருந்தை நர்ஸ் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அதற்கான செலவை ஊர் வரிப்பணம் தாங்கியது. தாங்க முடியாத ஊர்களில் அந்த அறையில் நர்ஸே இல்லை. லில்லியன் வால்ட் ஒரு மாதச் சோதனைக்கு முன்பே சம்பளத்தைப் பற்றி உறுதிமொழி வாங்கிக்கொண்டது எவ்வளவு தொலைநோக்கு என்பது இந்த நூற்றாண்டுக் கணக்கைப் பார்த்தால் விளங்கும்.